ஓடும் வீட்டில் பூனைக்கு ஒரு மணல் தட்டு

காற்றாலைப் பராமரிப்பு என் கணவரின் வேலை. பணகுடி, வள்ளியூர், ராதாபுரம், கயத்தாறு என்று சீசனுக்குச் சீசன் இடம் மாறும். ஒவ்வோர் ஊரிலும் வீடு பார்த்து, அட்வான்ஸ் கொடுத்து, சாமான் ஏற்றி இறக்கி அலுத்துப்போய், ஒரு பழைய டெம்போ டிராவலரை வாங்கி அதையே வீடாக்கிக்கொண்டோம். ஒரு கட்டில், ஓர் அடுப்பு, எண்பது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் தகடு. திசையன்விளையில் ஒரு மழை நாளில், டயருக்கு அடியில் ஒண்டிக் கிடந்த கரும்பழுப்புக் குட்டி ஒன்றும் எங்களோடு சேர்ந்துகொண்டது. கருப்பட்டி என்று பெயர் வைத்தோம். இப்போது அவனுக்கு நான்கு கிலோ எடை.

வேனில் பூனை வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நாற்றம் அடிக்காதா?" என்பதுதான். நியாயமான கேள்வி. எங்கள் கட்டிலுக்கும் பூனை மலமும் மூத்திரமும் கழிக்கும் மணல் தட்டுக்கும் இடையே நான்கு எட்டுத் தூரம்தான் இருக்கிறது. ஆனாலும் வேனுக்குள் நாற்றம் இல்லை. நாற்றம் எப்படி உண்டாகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பூனையின் மூத்திரம் புதிதாக இருக்கும்போது அவ்வளவாக நாறுவதில்லை. அதிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்புகிறது. அதற்குச் சில மணி நேரம் ஆகும். சூடு கூடினால் அந்த நேரம் குறையும். சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 38, 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. ஆகவே வாசனைப் பொடிக்கும் ஊதுவத்திக்கும் செலவழிக்கும் காசு வீண். கழிவை நேரத்தோடு எடுத்துவிடுவதுதான் இதற்கு ஒரே வழி. கீழே நான் சொல்பவை எல்லாம் அதை எளிதாக்கும் ஏற்பாடுகள்.

தட்டு வாங்குவது

பூனையின் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அளந்துகொள்ளுங்கள். அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் தட்டுக்கு வேண்டும். கருப்பட்டி 45 செ.மீ.; தட்டு 68 செ.மீ. நீளமாவது இருக்க வேண்டும். கடையில் பூனைத் தட்டு என்று விற்பவை பெரும்பாலும் இதைவிடச் சிறியவை. இடம் போதாத தட்டில் பூனை ஓரத்தில் நின்றுகொண்டு வெளியே பெய்துவிடும். பிறகு பூனைமேல் பழி வரும்.

துணிமணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பக்கத்தில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குமேல் வாசல் வெட்டிக்கொண்டோம். மற்ற மூன்று பக்கமும் முழங்கால் உயரம். பூனை மண்ணைப் பறித்து வீசினாலும் வேனுக்குள் சிதறாது. பெட்டிக்குள்ளே ஓர் எவர்சில்வர் ட்ரே. பிளாஸ்டிக்கில் நகம் பட்டுப் பட்டுக் கீறல் விழும், கீறலுக்குள் மூத்திரம் இறங்கும், எத்தனை தேய்த்தாலும் போகாது. எவர்சில்வரில் அந்தத் தொல்லை இல்லை. ஓட்டலில் பலகாரம் அடுக்கி வைக்கும் ஆழமான செவ்வக ட்ரே இதற்குப் பொருத்தமானது. பாத்திரக் கடையில் இரண்டாக வாங்குங்கள். ஒன்று வேனில் இருக்கும்போது மற்றது வெயிலில் காயும். இந்த இரட்டைத் தட்டு ஏற்பாட்டை நாங்கள் ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

வைக்கும் இடமும் காற்றும்

பின்கதவை ஒட்டிய இருக்கைப் பெட்டிக்கு அடியில் தட்டை வையுங்கள். பூனை உள்ளே போக வேனுக்குள்ளிருந்து ஒரு வாசல். நீங்கள் தட்டை இழுத்தெடுக்கப் பின்கதவு. இப்படி இருந்தால் அள்ளும்போது எழும் தூசி வெளியே போய்விடும். சாப்பாட்டுக் கிண்ணமும் தண்ணீரும் வேனின் மறுகோடியில் இருக்கட்டும். கழிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் எந்தப் பூனையும் மனமொத்துச் சாப்பிடாது.

தட்டு வைத்த பெட்டியின் வெளிச்சுவரில் 12 வோல்ட்டில் ஓடும் சிறிய விசிறி ஒன்றைப் பொருத்திவிடுங்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் விசிறியே போதும். மிகக் குறைந்த மின்சாரத்தில் இரவும் பகலும் ஓடும். காற்று கட்டில் பக்கத்து ஜன்னலில் நுழைந்து, தட்டைக் கடந்து, வெளியே போக வேண்டும். திசை மாறினால் நாற்றம் தலையணைக்கு வரும்.

எங்கள் வட்டாரத்தில் வேனை எப்படி நிறுத்துவது என்பதும் முக்கியம். வைகாசி தொடங்கி ஆவணிவரை மலைக் கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றின் வலு காற்றாலைக்காரர்களுக்குத் தெரியும். அந்தக் காற்று விசிறித் துவாரத்தில் நேராக மோதினால், சின்ன விசிறி அதை எதிர்த்து ஒன்றும் செய்ய முடியாது. அத்தனையும் உள்ளே திரும்பும். எனவே ஆடி மாதத்தில் வண்டியின் முகம் மேற்கே, பின்கதவு கிழக்கே. நாங்கள் புது இடத்தில் நிறுத்தியதும் ஒரு துண்டு நூலை விசிறித் துவாரத்தின் வெளியே பிடித்துப் பார்ப்போம். நூல் வேனைவிட்டு வெளியே பறந்தால் சரி. உள்ளே உறிஞ்சப்பட்டால் வண்டியைத் திருப்பி நிறுத்துவோம்.

வாசலில் ஒரு தென்னைநார் மிதியடி போடுங்கள். பாதத்தில் ஒட்டிய மணல் அதில் உதிரும். கோரைப்பாய் வேண்டாம். என் அம்மா கொடுத்த பத்தமடைப் பாய் ஒன்றை ஆரம்பத்தில் தட்டுக்குக் கீழே விரித்திருந்தேன். ஒருமுறை ஈரம் இறங்கியதும் அந்த வாடை கடைசிவரை போகவில்லை. தாமிரபரணிக் கரைக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, நுணுக்கமாக நெய்த பொருள். அதை அந்த இடத்தில் போட்டதற்காக இன்றும் வருந்துகிறேன்.

என்ன மணல்

பலர் ஆற்று மணலையோ தேரி மணலையோ காசில்லாமல் அள்ளிப் போடலாம் என்று நினைக்கிறார்கள். வேண்டாம். மணல் எதையும் உறிஞ்சாது. மூத்திரம் வழிந்து அடியில் தேங்கி நிற்கும்; மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் அடியில் ஊறிக்கொண்டிருக்கும். போதாததற்குக் கனம் வேறு. ஒரு கன அடி உலர்ந்த மணல் 45 கிலோ வரும். தேரியின் செம்மண் பூனையின் பாதத்தோடு வந்து படுக்கை விரிப்பெல்லாம் சிவக்கச் செய்துவிடும். தாமிரபரணியோ மணல் கொள்ளையால் ஏற்கெனவே நொந்துபோன ஆறு. அதிலிருந்து ஒரு வாளிகூட எடுக்காதீர்கள்.

கடையில் கிடைக்கும் பென்டோனைட் மணல், புதிதாகத் தொடங்குபவர்களுக்கு எளிது. குஜராத்தின் கச்சுப் பகுதியில் தோண்டியெடுக்கும் ஒரு வகைக் களிமண் அது. ஈரம் பட்ட இடத்தில் உப்பிக் கட்டியாகிவிடும். கட்டியை மட்டும் அள்ளினால் போதும். வாசனை சேர்க்காததை வாங்குங்கள். நமக்கு மணப்பது பூனையின் மூக்குக்கு உறுத்தல். ஒரு குறை உண்டு: மெல்லிய தூசி. நான் மூட்டையைப் பிரித்ததும் வேனுக்கு வெளியே சுளகில் இட்டு, காற்று வாக்கில் நின்று, இரண்டு புடை புடைத்துத்தான் தட்டில் கொட்டுவேன். நெல் புடைக்கும் அதே கை. தூசி ஒரு பக்கமாகப் பறந்துபோகும், குருணை சுளகில் நிற்கும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் இன்னொரு நல்ல பொருள் மலிவாகக் கிடைக்கிறது: தென்னை நார்த்தூள். தென்காசிப் பக்கம் கயிற்று ஆலைகளில் மலையாகக் குவிந்து கிடக்கும். தன் எடையைப் போலப் பல மடங்கு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மிக லேசானது, மண்ணோடு மண்ணாக மக்கிவிடும். ஆலை அண்ணாச்சியிடம் சொல்லி, நன்றாகக் காய்ந்ததாக ஒரு சாக்கு வாங்கி, சல்லடையில் சலித்து நீண்ட நார்களை நீக்கிவிட்டுப் போடுங்கள். கட்டி சேராது என்பதால் ஈரமான இடத்தைக் கருநிறத்தை வைத்துக் கண்டுபிடித்து அள்ள வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை முழுவதும் மாற்ற வேண்டும். குற்றாலச் சாரல் நாட்களில் இது பூஞ்சை பிடிக்கும். அப்போது பென்டோனைட்டுக்கு மாறிவிடுவோம். உமியும் மரத்தூளும் அவசரத்துக்கு ஆகும்.

எதிலிருந்து எதற்கு மாறினாலும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். பூனை தட்டை வெறுத்துவிட்டால் அடுத்து அது தேர்ந்தெடுப்பது உங்கள் மெத்தையைத்தான்.

அன்றாட வேலை

மணல் ஐந்து முதல் ஏழு செ.மீ. ஆழம் இருக்கட்டும். காலை காப்பிக்கு முன்பு ஒருமுறை, இரவு படுப்பதற்கு முன்பு ஒருமுறை அள்ள வேண்டும். கோடையில் மதியமும் ஒருமுறை. இதில் விலக்கே கிடையாது. பெரிய வீட்டில் ஒரு பூனைக்கு இரண்டு தட்டு வைக்கச் சொல்வார்கள். வேனில் அதற்கு இடமில்லை. அந்த இரண்டாவது தட்டுக்கு ஈடாக நாம் கொடுப்பதுதான் இந்த இரண்டாவது அள்ளல்.

அள்ளுவதற்கு எண்ணெய்ச் சட்டியில் போடும் ஜல்லிக் கரண்டியைப் போன்ற ஓர் உலோகக் கரண்டி நல்லது. பிளாஸ்டிக் கரண்டி அடியில் ஒட்டிய கட்டியைச் சுரண்டும்போது வளையும். தட்டின் ஒரு மூலையிலிருந்து கரண்டியை அடிவரை இறக்கி, மெதுவாக உயர்த்தி, ஆட்டி, மணலை உதிரவிடுங்கள். கட்டியை உடைக்காமல் எடுப்பதுதான் இதில் கைப்பழக்கம். உடைந்த துகள்கள் மணலோடு கலந்துவிட்டால், அடுத்த முறை முழுத் தட்டும் நாறும்.

எடுத்ததை எதில் கட்டுவது? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது, அதுவும் நல்லதாயிற்று. பழைய செய்தித்தாள் போதும். நான்கு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து நடுவில் கட்டிகளைக் கொட்டுங்கள். நீளவாட்டில் இரு ஓரங்களையும் ஒன்றாகப் பிடித்து மூன்று மடிப்பு மடித்து இறக்குங்கள். இரு முனைகளையும் முக்கோணமாக்கி உள்ளே செருகி, சணலில் ஒரு சுற்று. அண்ணாச்சி கடையில் புளி கட்டிக் கொடுப்பார்களே, அதே பொட்டலம். பொட்டலங்களை மூடி இறுக்கமான ஒரு பெயின்ட் வாளியில் போட்டு, வாளியை வேனுக்கு வெளியே, ஏணிக்குக் கீழே கட்டிவிடுங்கள். மூடி திறந்து கிடந்தால் ஈ முட்டையிட ஒரு மணி நேரம் போதும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பென்டோனைட் முழுவதையும் மாற்றி, ட்ரேயைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். உப்புப் படிந்திருந்தால் வினிகரில் தண்ணீர் கலந்து அரை மணி நேரம் ஊற்றி வையுங்கள். மற்றதை நம் வெயில் பார்த்துக்கொள்ளும்.

பினாயிலைத் தொடவே தொடாதீர்கள். பூனையின் கல்லீரலுக்குப் பீனால் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. தரையிலிருந்து பாதத்தில் ஒட்டி, பாதத்தை நக்கும்போது உள்ளே போய்விடும். அந்துருண்டை, கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் ஆகியவையும் அப்படியே. பிளீச்சிங் பவுடர் இன்னும் மோசம். எங்கள் முதல் கோடையில், வள்ளியூருக்கு வெளியே ஒரு பகல், ஊறிப்போன தட்டில் ஒரு கைப்பிடி பிளீச்சிங் பவுடரைத் தூவித் தண்ணீர் ஊற்றினேன். கண்ணில் மிளகாய்ப் பொடி விழுந்தது போல எரிந்தது, தொண்டை அடைத்தது, கருப்பட்டி இருமிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் ஓடினான். அவனைத் துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே குதித்தேன். அம்மோனியாவோடு பிளீச் சேர்ந்தால் நச்சு வாயு உண்டாகும் என்பதை அன்றுதான் அறிந்தேன். ஆறடி அகல வேனில் அந்த வாயு போக இடமில்லை. தயவுசெய்து இதை நீங்கள் அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

தட்டைப் படிப்பது

அள்ளும்போது எண்ணுங்கள். சாதாரணமாக ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு மூத்திரக் கட்டிகள், ஒரு மலம். கருப்பட்டிக்கு எலுமிச்சை அளவில் மூன்று கட்டிகள் வழக்கம். போன வருடம் ராதாபுரத்தில் ஒரு காலையில் பட்டாணி அளவில் இரண்டே இரண்டு இருந்தன. அவனோ தட்டுக்குள் போவதும், குந்துவதும், முனகிக்கொண்டு வெளியே வருவதுமாக இருந்தான். ஆண் பூனைக்கு மூத்திரக் குழாய் மிகக் குறுகலானது; அது அடைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. காத்திருக்காதீர்கள். நாங்கள் அன்று முற்பகலிலேயே மருத்துவரிடம் சேர்த்ததால் பிழைத்தான். திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012-இல் தொடங்கிய அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. புது ஊரில் வண்டியை நிறுத்தியதும் மளிகைக் கடை எங்கே என்று கேட்பதற்கு முன்பு கால்நடை மருத்துவர் எங்கே என்று கேட்டு வையுங்கள்.

கடுவனாக இருந்தால் ஐந்தாறு மாதத்தில் கருத்தடை அறுவை செய்துவிடுங்கள். பருவம் வந்த கடுவனின் மூத்திர நெடிக்கு எந்த மணலும் விசிறியும் ஈடுகொடுக்காது.

மனிதர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி பூனை மலத்தில் வரலாம். அது வெளிவந்து ஒரு நாள் முதல் ஐந்து நாள் கழிந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். தினமும் அள்ளுகிறவர்களுக்கு ஆபத்து குறைவு. ஆனாலும் கர்ப்பிணிகள் தட்டைத் தொடக் கூடாது. வீட்டில் வேறு ஒருவர் செய்யட்டும். பச்சைக் கறியும் மீன் குடலும் பூனைக்குப் போடாதீர்கள், எலி பிடிக்க விடாதீர்கள். கையுறை போடுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஓடும் நாளும் மழை நாளும்

வண்டி கிளம்பும்போது பூனை கூண்டில் இருக்க வேண்டும். தட்டுப் பெட்டியை இரண்டு பட்டைக் கயிறுகளால் இறுக்கி, வாசலை ஒரு பலகையால் அடைத்துவிடுங்கள். ஓடும் வண்டியில் பூனை தட்டுக்குப் போகாது. இங்கே எந்த ஊரும் இரண்டு மணி நேரத்துக்குமேல் இல்லை என்பதால் அது பெரிய கவலையும் இல்லை. போய்ச் சேர்ந்து, இன்ஜினை அணைத்து, கால் மணி நேரம் சத்தமில்லாமல் விடுங்கள். ஊர் மாறினாலும் தட்டின் இடம் ஒரு விரற்கடைகூட மாறக் கூடாது. பூனைக்கு அந்த வேன்தான் ஊர்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்கு இரண்டு வாரத்துக்கான மணல் கையிருப்பு வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லையும் தூத்துக்குடியும் வெள்ளத்தில் மூழ்கியபோது நாங்கள் ஒரு மேட்டு நிலத்தில் நின்றிருந்தோம். நான்கு நாள் எந்தக் கடைக்கும் போக முடியவில்லை. கைவசம் இருந்த செய்தித்தாள்களைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்துத் தட்டில் போட்டுச் சமாளித்தோம். அன்றிலிருந்து ஒரு மூட்டை பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

வேனைவிட்டு வெளியேறிய பிறகு

இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. வேன் கழிப்பறைத் தொட்டியில் பென்டோனைட்டைக் கொட்டினால் உப்பி அடைத்துக்கொள்ளும். அந்தத் தொட்டியைக் கழற்றத்தான் வேண்டியிருக்கும். ஆற்றிலோ குளத்திலோ வாய்க்காலிலோ போடவே கூடாது. நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது தாமிரபரணித் தண்ணீரை. டாக்சோபிளாஸ்மா தண்ணீரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குளோரினுக்கும் அது சாவதில்லை. கலிபோர்னியாக் கடற்கரையில் கடல் நீர்நாய்கள் இந்த ஒட்டுண்ணியால் இறந்திருக்கின்றன. நம் தாமிரபரணியிலும் நீர்நாய்கள் இருக்கின்றன; சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு விடியற்காலையில் இரண்டு தலைகள் நீரைக் கிழித்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். தட்டு கழுவிய தண்ணீரைக்கூடக் கரையிலிருந்து தள்ளி, காய்ந்த நிலத்தில்தான் ஊற்றுவேன்.

நார்த்தூளையும் உமியையும் புதைக்கலாம். நிலத்துக்காரரிடம் கேட்டு, நீர்நிலையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் அறுபது மீட்டருக்கு அப்பால், ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். காய்கறிப் பாத்திக்கு எருவாக ஒருபோதும் வேண்டாம். பென்டோனைட்டைப் புதைப்பதில் பயனில்லை, அது மக்காது.

மற்றபடி பொட்டலங்கள் ஊரின் குப்பை வண்டிக்குப் போக வேண்டும். மக்கும் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுங்கள். யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டியில் வீசிவிட்டு வராதீர்கள். அதைக் கையால் பிரிக்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். வள்ளியூரில் காலை ஏழு மணிக்கு வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரிடம் நானே கொண்டுபோய், "அக்கா, இது பூனைக் கழிவு, பிரிக்க வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுப்பேன். அவர் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்து, ஈரம் கசியவில்லை என்று கண்டபிறகு தனிச் சாக்கில் போடுவார். ஒருமுறை கசிந்திருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் செய்தது சரி. அன்றிலிருந்து இரட்டைத் தாளுக்குப் பதில் நான்கு தாள்.

குப்பை வண்டி வராத இடங்களில் வாளியிலேயே வைத்திருங்கள். நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் பக்கத்தில் தங்க நேர்ந்தால் வேன் கதவைத் திறந்துபோட்டு இருக்காதீர்கள். அந்த ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு மரங்களில் கூடு கட்டும் பறவைகளைத் தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் அது சேர்ந்திருப்பதாக 2022-இல் அறிவித்தார்கள். அங்கே பூனை ஒரு நிமிடம்கூட இறங்கக் கூடாது, பொட்டலம் ஒன்றுகூடக் கீழே விழக் கூடாது. பாபநாசத்துக்கு மேலே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் பூனையைக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம். சோதனைச் சாவடிக்குக் கீழேயே வண்டியை நிறுத்தி, ஒருவர் பூனையோடு தங்கிவிடுங்கள். எங்கள் வாளி ஒரு வாரத்துப் பொட்டலங்களைத் தாங்கும். கூந்தன்குளத்தில் சேர்ந்தவை நாங்குநேரிக் குப்பை வண்டிக்குப் போகும். பாபநாசத்தை ஒட்டிய விக்கிரமசிங்கபுரத்தில் சேர்ந்தவை அம்பாசமுத்திரத்துக்குப் போகும். கிளம்பும் காலையில் வாளியின் மூடியை ஒருமுறை காலால் அழுத்தி, இறுகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நான் வண்டியில் ஏறுவேன்.